கூதிர்ப் பருவ முன்னறிவும் வம்ப மாரியும்: பந்தல்குடிக் கரிசல் நிலத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

மழை வருமா என்பது எல்லா நாட்டு உழவர்க்கும் உரிய வினா. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுவழியில் அமைந்த பந்தல்குடியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அவ்வினா சற்று வேறு வடிவம் கொள்கின்றது. பெய்த மழை பருவமழைதானா, அன்றி இடையில் வந்து போகும் மழையா என்பதே அங்குள்ளார் வினா. புரட்டாசித் திங்களில் ஒருநாள் அந்தியில் இடி முழங்கிப் பெய்யும் மழையை நம்பி விதைத்தால் விதை முளைக்கும். பின்னர் மூன்று கிழமை வானம் வெளுத்துக் கிடந்தால் முளைத்தது கருகும். மறுவிதைப்புக்கு வேண்டும் விதையைக் கடன்பட்டுத்தான் பெறவேண்டும். அம்மழையை நம்பாது விட்டால், அடுத்துவரும் அடைமழையில் கரிசல் மண் சேறாகிக் கலப்பையும் காலும் புகவொண்ணாதபடி ஆகிவிடும். விதைக்கும் நாள் கழிந்துபோகும். இவ்விரண்டு இழப்புகளுக்கும் இடையே நின்று முடிவு செய்யும் உழவனுக்கு நம் இலக்கியமும், பஞ்சாங்கமும், ஊர் வழக்கும், அரசின் வானிலைத் துறையும் என்ன சொல்லி வந்தன என்பதை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் நிலத்தின் இயல்பு கூறுதல் வேண்டும். பந்தல்குடி சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படும் ஊர். மேலே கரிசல், கீழே சுண்ணாம்புப் பாறை. கோடையில் ஆள் காலிறங்கும் அளவுக்கு வெடிக்கும் இம்மண், நனைந்தால் வெடிப்பெல்லாம் மூடி நீரை நெடுநாள் தன்னுள் வைத்துக்கொள்ளும். பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசி, மல்லி ஆகியவை மானாவாரியாக விளைகின்றன. கிழக்கே திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறு. மேற்கே நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைத் தன் மேற்புறத்தே வாங்கிக்கொள்ளுதலின், ஆனி ஆடித் திங்களில் இங்கு வருவது காற்று மட்டுமே. விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகையை நடுவாகக் கொண்ட வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. எஞ்சியதன் பெரும்பகுதி கோடை இடிமழையும், ஆவணி புரட்டாசி இடிமழையும் ஆகும்.

இவ்விருவகை மழையையும் பழந்தமிழர் பெயர் வேறுபடுத்தி வழங்கினர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பது உரையாசிரியர்கள் கண்ட வரையறை. தொல்காப்பியம் முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரியவாக வகுக்கின்றது. இதனை அகப்பொருள் மரபு என்ற அளவில் நின்று விளக்குவதே வழக்கம். ஆயின் உள்நாட்டுக் கரிசலில் ஆவணி, புரட்டாசி மழை பகல் வெம்மை முற்றியபின் மாலையில் இடியோடு எழுவது என்பதும், கூதிர் மழை இரவெல்லாம் நின்று பெய்வது என்பதும் கண்கூடு. பெரும்பொழுதும் சிறுபொழுதும் இங்ஙனம் இணைந்தமைக்கு மழையின் இயல்பும் ஒரு காரணமாகலாம் என்பது எம் கருத்து. இதற்குமேல் இதனை வற்புறுத்த யாம் விரும்பவில்லை.

முல்லைப் பாடல்களில் பருவம் பற்றிய வழக்காடல் ஒன்று மீண்டும் மீண்டும் வருகின்றது. கார்காலத்தில் மீள்வேன் என்று கூறிச் சென்ற தலைவன் வரவில்லை. மழை பெய்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகின்றாள். தோழி, இது பருவம் அன்று என மறுத்து ஆற்றுவிக்கின்றாள். குறுந்தொகை 66-ஆம் பாட்டில் தோழி கொன்றை மரத்தையே அறியாமை உடையதாகப் பழிக்கின்றாள். வம்ப மாரியைக் கார்மழை எனக் கருதிக் காலமல்லாக் காலத்துப் பூத்தது என்பது அவள் வழக்கு. ஆற்றுவித்தற்பொருட்டுக் கூறப்பட்டதாதலின் தோழி கூற்றை வானிலைச் சான்றாகக் கொள்ளவொண்ணாது என ஒருவர் தடை நிகழ்த்தலாம். அவள் கூறியது மெய்யோ பொய்யோ, அத்தகைய வாதம் கேட்போர்க்குப் பொருந்தித் தோன்றவேண்டுமெனின், காலமல்லாக் காலத்து மழை பருவமழைபோல் தோன்றி ஏமாற்றும் என்பது அக்காலத்தார் அனைவரும் அறிந்த செய்தியாக இருந்திருத்தல் வேண்டும். ‘வம்ப மாரி’ என்னும் தொடர் அவ்வறிவின் பெயர். இன்றைய வேளாண் வானிலையியலார் பொய்த்தொடக்கம் என்று வழங்குவதும் இதனையே. மரம் ஏமாறினால் பூ உதிரும். பந்தல்குடியில் விதை ஏமாறினால் ஓர் ஆண்டின் முதல் போய்விடும்.

காற்றின் பெயர்களும் ஈண்டு நோக்கத்தக்கன. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். இவற்றுள் கொண்டல் என்பது மேகத்துக்கும் பெயர். கோடை என்பது வெயிற்காலத்துக்கும் பெயர். கீழ்காற்றும் முகிலும் ஒரு சொல்லால் வழங்கப்படுதற்கும், மேல்காற்றும் வறட்சியும் ஒரு சொல்லால் வழங்கப்படுதற்கும் உரிய நிலம் மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள நிலமே. மேல்காற்றே மழை தரும் மலையின் மறுபுறத்தில் இவ்வழக்குத் தோன்றியிராது. எனவே எக்காற்று எழுந்தால் மழையை நம்பலாம் என்னும் முன்னறிவு, தனி நூலாக எழுதப்படாவிடினும், சொற்களுக்குள்ளேயே அமைந்து கிடக்கின்றது.

வெள்ளிக்கோள் தெற்கே சாய்தல் மழையின்மைக்குக் குறி என்னும் நம்பிக்கையும் பழமையானது. புறநானூறு 117, பட்டினப்பாலையின் தொடக்கம், சிலப்பதிகாரத்து நாடுகாண் காதை ஆகிய மூன்றிடத்தும் அது வருகின்றது. மூன்றிடத்தும் ‘அங்ஙனம் ஆயினும்’ என்னும் பொருள்படவே வருதல் கருதற்பாலது. வெள்ளி தெற்கே சென்றாலும் பறம்பு வளங்குன்றாது, காவிரி வற்றாது என்பதே கூற்று. புலவர்க்கு அக்குறி பயன்பட்டது நாட்டையும் தலைவனையும் புகழ்தற்கு. விதைக்கும் நாளை அறிதற்கு அன்று. வானத்தில் வெள்ளி தெற்கே செல்வதோ கணக்கிட்டுச் சொல்லத்தக்க ஒழுங்கான நிகழ்ச்சி. அதற்கும் மழைக்கும் தொடர்பு காட்டல் இயலாது.

இனி வடமொழி நூல்வழி வந்த கணிப்பைக் காண்போம். கௌடலியரின் பொருள்நூல் மழையளக்கும் கலத்தைப் பற்றியும், நாட்டுக்கு நாடு பெய்யும் மழையளவைப் பற்றியும் பேசுகின்றது. அவந்திக்கு 23 துரோணம் எனக் கூறும் அந்நூலின் பட்டியலில் பாண்டிநாடு இல்லை. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையில் மேகம் கருக்கொள்ளுதல் என்னும் கொள்கையை விரிவாக உரைக்கின்றார். கருக்கொண்ட நாளிலிருந்து 195 நாள் கழிந்தபின் அம்மேகம் மழையாகப் பிறக்கும் என்பது அவர் விதி. தமிழகத்தில் இது ‘கர்ப்போட்டம்’ என வழங்குகின்றது. மார்கழியில் ஞாயிறு பூராட நாண்மீனில் நிற்கும் ஏறத்தாழ 14 நாளில், அஃதாவது டிசம்பர் இறுதி முதல் சனவரி இரண்டாம் கிழமை வரை, வானத்தில் மேகம் தெற்கு நோக்கி ஓடுதலையும் தூறல் விழுதலையும் கண்டு வரும் ஆண்டின் மழையைக் கூறுவர்.

இவ்விரண்டையும் இணைத்துக் கணக்கிட்டுப் பார்த்தோர் அரியர். டிசம்பர் 29-இல் கருக்கொண்ட மேகம், 195 நாள் விதிப்படி, சூலை 12-இல் மழையாதல் வேண்டும். சனவரி 11-இல் கொண்டது சூலை 25-இல். அஃதாவது ஆனிக் கடையும் ஆடி முதலும். உச்சயினியைச் சூழ்ந்த நாட்டுக்கு அது நடு மழைக்காலம். பந்தல்குடிக்கோ புழுதிக் காற்றுக்காலம். ஐப்பசி முதல்நாள் பெய்யும் மழைக்கு அவ்விதிப்படி ஏப்பிரல் முதற்கிழமையில், பங்குனிக் கடையில், வானம் பார்த்திருத்தல் வேண்டும். வராகமிகிரரே இதற்கு இடந்தருகின்றார். சித்திரைப் பிற்பக்கத்துக் கருவுக்குக் கார்த்திகை முற்பக்கத்து மழை என அவர் கூறுதல் காண்க. தமிழ் வழக்கு அதனைப் பின்பற்றவில்லை. மார்கழியின் 14 நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்நாள்களின் ஒவ்வொரு கூறும் வரும் ஆண்டின் ஒவ்வொரு பகுதிக்கு ஒத்தது எனப் பகிர்ந்துகொண்டது. பகிரும் முறை இடத்துக்கு இடம் வேறுபடும். இம்மாற்றத்தை நூலறியாமை எனத் தள்ளுதல் தகாது என்பது எம் துணிபு. ஆடிக்கு மட்டும் பலன் கூறும் கணக்குத் தனக்குப் பயன்படாது எனக் கண்ட நிலம், ஐப்பசியையும் கார்த்திகையையும் அதனுள் அடக்கும் வகையில் அக்கணக்கை விரித்துக்கொண்டது எனல் பொருந்தும். கணிப்பு மெய்யாகின்றதா என்பது வேறு வினா. எழுதி வைத்த மார்கழிக் குறிப்புகளையும் அருகிலுள்ள மழைமானிக் கணக்குகளையும் பல்லாண்டுக்கு ஒப்பிட்டாலன்றி அதற்கு விடை கூறல் இயலாது. மாணாக்கர் ஒருவர் இதனை மேற்கொள்ளின் நன்று.

பஞ்சாங்கம் கூறும் மழையைப் பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை. சித்திரை முதல்நாள் படிக்கப்படும் ஆண்டுப்பலனில் இன்ன கோள் மேகாதிபதி, இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கும் மலைக்கும் நிலத்துக்கும் இன்ன பங்கு என வரும். அது நாடு முழுமைக்கும் ஓராண்டு முழுமைக்கும் உரிய ஓர் எண். விதைப்பவன் கேட்பது அளவை அன்று, நாளை. ஆதலின் பஞ்சாங்க மழை கேட்டு மகிழ்தற்கும் கவலுதற்கும் உரியதாயிற்றே ஒழிய, ஏர் பூட்டுதற்கு உரியதாகவில்லை. உழவன் தன் மழையை அளந்த முறை வேறு. பெய்த மழை மண்ணில் இறங்கிய ஆழத்தைக் கொண்டு ‘ஓர் உழவு மழை’, ‘இரண்டு உழவு மழை’ என்றான். மரக்கால் வானத்திலிருந்து இறங்குவதை அளக்கின்றது; மில்லிமீட்டர் கலத்தில் நின்றதை அளக்கின்றது; உழவு மழை மண் வாங்கியதை அளக்கின்றது. விதைக்கு வேண்டுவது மூன்றாவதே.

ஊர்க்குறிகளும் அவ்வாறே பகுத்து நோக்கத்தக்கன. எறும்பு முட்டையைத் தூக்கி மேடேறுதல், தட்டான் தாழப் பறத்தல், அந்தியில் ஈசல் எழுதல் ஆகியன சில நாழிகைக்குள் வரும் மழையைக் காட்டும். ஈரம் மிகுந்த காற்றில் சிற்றுயிர்கள் இங்ஙனம் நடத்தல் இயல்பே. ஆயின் வம்ப மாரிக்கு முன்னும் ஈசல் எழும். பருவமழைக்கு முன்னும் எழும். இவற்றைக் கொண்டு துணி எடுத்து உள்ளே வைக்கலாம். விதை எடுத்து வெளியே கொணர முடியாது. பருவத்தைக் காட்டும் குறி ஒன்றே. மேல்காற்று அடங்கி, சில நாள் காற்றில்லாப் புழுக்கம் நின்று, பின்னர்க் கீழ்காற்றும் வாடையும் எழுந்து நிலைத்தல். கி. இராசநாராயணன் 1982-இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி போன்ற தொகுப்புகளில் மழை, காற்று, மண் பற்றிய சொற்களை மட்டும் தனியே திரட்டி ஆராய்தல் இத்துறைக்குப் பெரிதும் பயன் தரும்.

அரசு வழிக் கணிப்பின் வரலாறு சென்னையில் தொடங்குகின்றது. கிழக்கிந்தியக் கும்பினியார் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் அமைத்தனர். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் தோன்றியது; பிளான்போர்டு அதன் தலைமை ஏற்றார். மறு ஆண்டே மழை பொய்த்துத் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. பஞ்சத்தை முன்னறிதல் வேண்டும் என்னும் நெருக்கடியால் பிளான்போர்டு இமயத்துப் பனியளவைக் கொண்டு பருவமழையைக் கணிக்க முயன்று, 1886-இல் முதல் நீண்டகால முன்னறிவிப்பை வெளியிட்டார். பெரிதும் இறந்தது தென்னாட்டார். கணிக்கப்பட்டதோ தென்மேற்குப் பருவமழை. 1904 முதல் 1924 வரை அத்துறையின் தலைவராயிருந்த கில்பர்ட்டு வாக்கர் பசிபிக்குப் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுதலைக் கண்டு நிறுவியதும் தென்மேற்குப் பருவமழையைத் தேடிச் சென்ற வழியிலேதான். வடகிழக்குப் பருவமழைக்கெனத் தனி நீண்டகாலக் கணிப்பு மிகப் பிற்காலத்தது.

இதன் விளைவு சிறிதன்று. எல்நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குன்றுதல் மிகுதி. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ அவ்வாண்டுகளில் மிகும் போக்குடையது. 1997-உம் 2015-உம் இதற்குச் சான்று. மறுதலையாக, 2016-இல் நாடு முழுமைக்கும் தென்மேற்குப் பருவமழை வழக்கமான அளவை ஒட்டிப் பெய்தது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை ஏறத்தாழ 440 மில்லிமீட்டருக்கு மாறாக 168 மில்லிமீட்டர் அளவே பெய்து, 62 விழுக்காடு குறைந்தது. ‘இவ்வாண்டு நாட்டில் மழை நன்று’ என்னும் செய்தியைக் கேட்டு மகிழ்ந்த கரிசல் உழவன், உச்சயினிக்கு உரிய கணக்கை மீண்டும் ஒருமுறை தன் கணக்காகக் கொண்டவன் ஆகின்றான். வராகமிகிரர் காலத்து இடர்ப்பாடு பெயர் மாறி நிற்றல் காண்க.

1945-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் சென்னையில் மண்டல வானிலை மையம் அமைந்தது. உழவர்க்கெனத் தனி வானிலை அறிக்கையும் தொடங்கியது. பூனாவில் 1932-இல் வேளாண் வானிலைப் பிரிவு ஏற்பட்டபோது அதனை நடத்திய எல். ஏ. இராமதாசின் உழைப்பு அதற்கு அடிப்படை. வானொலி வழியே வந்த அவ்வறிக்கைகள் தமிழுக்குச் சில கலைச்சொற்களைத் தந்தன. ‘ஓரிரு இடங்களில்’ என்பது, கேட்போர் எண்ணுவதுபோல், சொல்வார்தம் தயக்கம் அன்று. மழைமானி உள்ள நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாதவை மழை பெறும் என்பது அதன் வரையறுத்த பொருள். ‘ஒருசில இடங்கள்’ என்பது பாதி வரை. ‘பல இடங்கள்’ என்பது முக்காற்பங்கு வரை. ‘பெரும்பாலான இடங்கள்’ என்பது அதற்கும் மேல். இப்பொருளை அறிக்கையோடு சேர்த்து ஊரார்க்கு உணர்த்தியிருப்பின் நன்றாயிருந்திருக்கும். மற்றொரு குறை இடத்தின் பரப்பு. 1985-இல் மூன்றாகப் பிரிக்கப்படும் வரை இராமநாதபுர மாவட்டம் இராமேச்சுரத் தீவு முதல் இராசபாளையத்து மலையடி வரை பரந்து கிடந்தது. அம்மாவட்டத்தில் ‘ஓரிரு இடங்களில்’ மழை என்றால் அது கடலோரத்துக்கும் உரியது, மலையடிக்கும் உரியது. இடையில் கிடந்த பந்தல்குடி தனக்கும் உரியதா என அறிய வழியில்லை. மாவட்ட அளவில் வாரம் இருமுறை வேளாண் அறிவுரையோடு முன்னறிவிப்பு வழங்கும் முறை 2008-ஐ ஒட்டியே நடைமுறைக்கு வந்தது.

பரப்புச் சிறுத்த பின்னும் அளவு பிழைத்தல் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களுக்குப் பெருமழை அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த 95 சென்டிமீட்டரை எவரும் எதிர்நோக்கவில்லை. பந்தல்குடிப் பக்கத்து ஓராண்டு மழையினும் அது மிகுதி. வறட்சிக்குப் பெயர் போன இப்பகுதியில், ஊழிவெள்ளத்தை இறைவன் நிலத்துள் சுழித்து இறங்கச் செய்தான் எனத் திருச்சுழித் தலபுராணம் கூறுவதை வெறுங்கற்பனை என்று கடந்து செல்லுதல் இதன்பின் எளிதன்று.

பருவமழையின் தொடக்கத்தை அறிவித்தற்கு வானிலைத் துறை இன்று கொள்ளும் அளவைகளை இலக்கியம் பயில்வோர் கேட்டல் வேண்டும். தென்மேற்குப் பருவம் வடக்கே 15 பாகை வரை பின்வாங்கியிருத்தல். தமிழகக் கடற்கரையில் கீழ்காற்று நிலைத்து வீசுதல். அக்காற்று 850 எக்டோபாஸ்கல் அழுத்த மட்டம் வரை, அஃதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரை, பரவியிருத்தல். கடலோரத்தில் பல இடங்களில் மழை பெய்தல். அக்டோபர் 10-க்கு முன் எவ்வாறு மழை பெய்யினும் தொடக்கம் அறிவிக்கப்படுவதில்லை. இவற்றுள் மழை இறுதியில் நிற்றலும், காற்று முன்நிற்றலும் நோக்குக. வாடையைப் பெயராகவே கொண்ட நெடுநல்வாடையில், கோவலர் வெள்ளத்துக்கு அஞ்சி நிரையை வேறு நிலத்துக்குப் பெயர்த்தலும், குரங்கு குளிரால் நடுங்குதலும் கூதிர் நிலைத்தபின் நிகழ்வன. நக்கீரர் காட்டுவது ஒரு மாலை மழையை அன்று; காற்று மாறி நின்ற ஒரு பருவத்தை. வம்ப மாரியைப் பருவமழையினின்று பிரிக்கும் குறி காற்றே என்பதில் சங்கப் புலவனும் கரிசல் உழவனும் வானிலைத் துறையும் ஒத்து நிற்கின்றனர்.

இவ்வளவு அறிந்தும், அறிவிப்பு வரும் நாளில் விதைக்கத் தொடங்கினால் கரிசலில் காலந்தாழ்ந்துவிடும் என்பதை முன்னரே கூறினோம். இதற்கு விடை கண்டது கணிப்பு அன்று, விதைப்பு. 1901-இல் நிறுவப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், மழைக்கு முன்னரே புழுதியில் விதைக்கும் முறையை ஆராய்ந்து, செப்டம்பர் நடுப்பகுதி முதல் இறுதிக்குள் பயிருக்கேற்ற கிழமையில் விதைக்குமாறு பரிந்துரைத்தது. விதையை ஊறவைத்து மீண்டும் உலர்த்திக் கடினப்படுத்தல் அதில் ஒரு படி. மற்றொன்று விதை விழும் ஆழம். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விழுந்த விதையைப் புரட்டாசியின் சிறு தூறல் எட்டுவதில்லை; மண்ணின் மேற்பரப்பு நனைந்து உலரும், விதை உறங்கிக் கிடக்கும். ஓர் உழவு மழை இறங்கினால்தான் அது விழிக்கும். மேலாக விதைத்த வயலில் கொன்றைபோல் ஏமாறி முளைத்தவை கருகும் அதே புரட்டாசியில், ஆழ விதைத்த வயல் வெறும்புழுதியாகவே தோன்றும். அதில் முதற்பசுமை தெரிவது பெரும்பாலும் ஐப்பசியில், கீழ்காற்று எழுந்த பின்னரே.